நீலத் தொட்டியில் நின்ற பழனியாண்டி

பழனியாண்டி போய்விட்டான். இன்று விடியற்காலை, உறையூரில், அவன் வீட்டிலேயே.

மூத்திரப் பையில் கேன்சர். நம் சாயப்பட்டறையை விட்டு பாலக்கரை, தென்னூர் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் எடுக்கிறார்கள்.

பட்டறைக்கு நான்தான் மேஸ்திரி, அதனால் இதை நான்தான் எழுதணும். வேறு யார் எழுதினாலும் என்னை விட்டுவிட்டு எழுதுவார்கள்...

சிவப்புத் தொட்டியில் பதினெட்டு வருஷம் நின்றவன். சீமையிலிருந்து டின்னில் வரும் சாயம். முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குவான். சரியாகக் கரைந்ததா என்று நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பான். எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம்.

ஒரு தடவை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினான். உள்ளே இருந்த கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார். "யாரையாவது வெட்டிட்டு வரியாய்யா?"

"இல்லீங்க சாமி, நூலை முக்கிட்டு வரேன்." இதைச் சொல்லிச் சொல்லியே ஆறு மாசம் சிரித்தான்.

சாயக்காரனுக்கு ஒன்றுக்கு நிறமாகப் போவது புதுசில்லை. கொல்லைப் பக்கம் போய்விட்டு வருகிறவனிடம் "இன்னைக்கு என்ன கலர்?" என்று கேட்பது நம் பட்டறை வழக்கம். அதை ஆரம்பித்து வைத்தது இந்த வாய்தான்.

அப்புறம் ஜெர்மன்காரனோடு சண்டை வந்தது, கப்பல் நின்றது. சிவப்பு டின் வரத்து நின்றது. பழனியாண்டியை நீலத் தொட்டிக்கு மாற்றினேன்.

இரண்டு மாசம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகத்தான் கேட்டான்.

"அண்ணே, ரெண்டு மாசமா நீலத்துல நிக்கிறேன். இன்னும் செவப்பாவே போகுதே?"

"வலிக்குதா?"

"வலியே இல்லண்ணே."

"அப்புறம் என்னடா? பழைய சரக்கு இன்னும் காலியாகல."

நான் மெதுவாகச் சொல்லவில்லை. பட்டறையே கேட்டுச் சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான், சொன்னது மேஸ்திரி ஆயிற்றே.

டாக்டரிடம் போக லீவு கேட்கத்தான் வந்தானாம். அவன் சம்சாரம் ரொம்ப நாள் கழித்துச் சொன்னது. கேட்காமலே தூக்குச் சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

பத்து நாளில் சிவப்பு தானாக நின்றது. "பாத்தியா, சரக்கு தீந்துடுச்சு" என்று முதுகில் தட்டினேன்... மறுபடி வந்தபோது அவன் என்னிடம் சொல்லவில்லை.

இப்படியே ஒன்றரை வருஷம். கட்டி கட்டியாக வந்து ஒன்றுக்கு அடைத்துக்கொண்டு, தரையில் உருண்டபோதுதான் மெட்ராஸ் ரயிலில் ஏற்றினோம். கூடப் போனவன் நான்.

அங்கே லைட் வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவன் அலறியது வராண்டா வரைக்கும் கேட்டது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். சாய வேலை செய்கிறவர்களுக்கு இது வருமாம். வலி இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலே காட்டணுமாம். நடுவில் நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லையாம். முதல் தடவையே வந்திருந்தால் மிளகு அளவுதான் இருந்திருக்கும், சுட்டு எடுத்திருக்கலாம். இப்போது பை முழுக்கப் பரவிவிட்டது.

பிறகு கட்டிலுக்குப் போய் அவனிடமே கேட்டார். "ரத்தத்தைப் பாத்து சாயம்னு உனக்கு எவன்யா சொன்னான்?"

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பழனியாண்டி என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலீங்க. நானா நெனச்சுக்கிட்டேன்."

அவனுக்கு என் மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கம் கெட்டவன், நாலு மாசம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து நானே கூட்டி வந்து வீட்டில் விட்டு, தினமும் போய் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

நேற்று சாயங்காலம் கேட்டேவிட்டேன். "ஏன்டா, டாக்டர்கிட்ட என் பேரைச் சொல்லல?"

கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான்.

"சொன்னா நீங்க கோச்சுக்கிட்டு கெளம்பிட்டீங்கன்னா... அந்த ஊர்லேர்ந்து என்னை யாருண்ணே வீட்டுக்குக் கூட்டியாருவா?"

போய் வாடா, பழனியாண்டி.