வாசலுக்கு வந்த எச்சரிக்கை

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குச் சாதாரண உடையில் வந்த அந்தப் பெண் போலீஸ் அதிகாரி ஒல்லியானவர், காதோரம் நரைத்தவர். பேசும்போதெல்லாம் கையிலிருந்த தாளின் மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"உங்க தம்பி நாளைக்கு தாய்லாந்துக்கு வேலைக்குக் கிளம்புறாருல்ல? அனுப்பாதீங்க அக்கா. அந்த ஏஜெண்டு ஆளுங்களை மோசடிக் கும்பலுக்கு விக்கிறவன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தத் தாள்ல இருக்கறது உளவுத்துறை அனுப்பின தகவல். அவங்களுக்கு யார் சொன்னாங்கன்னு எங்ககிட்டகூடச் சொல்ல மாட்டாங்க. வெளிய தெரிஞ்சா தகவல் சொன்ன ஆளு உயிருக்கு ஆபத்து லா."

தம்பி போகவில்லை. அடுத்த வாரமே ஏஜெண்டு பிடிபட்டான். தம்பி இப்போது பக்கத்து ஊரான பந்திங்கில் லோரி ஓட்டுகிறான்.

அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். "நான் வந்து சொன்னதோட சரி அக்கா" என்று கூச்சப்பட்டார். தகவல் தந்த, முகம் தெரியாத அந்த இன்னொருவருக்கும் சேர்த்து அவரையே கும்பிட்டுவிட்டு வந்தேன்.