பீரோவுக்குப் பின்னால் ஈரக் கோணி

தலைப்பிரசவத்துக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளை சென்னையிலிருந்து ஆள் அனுப்பி நடு அறையில் ஏசி மாட்டினார். கூடவே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. தெர்மோஸ்டாட் என்றாள் மகள். அறையின் சூடும் காற்றின் ஈரமும் அதில் எண்ணாகத் தெரியும். அதே எண்கள் சென்னையில் மாப்பிள்ளையின் செல்போனிலும் தெரியும். ஈரம் அறுபதைத் தாண்டினால் ஏசி தானாகவே ஓடி அதை இழுத்துவிடும். நான் ஐந்தாவது வரை படித்தவன். எண் தெரிந்தால் போதும் என்றாள்.

குழந்தை பிறந்த பத்தாம் நாள், அதன் பாதத்தில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தேன். நான் செராமிக் பட்டறையில் அச்சில் பொம்மை எடுக்கிறவன். சுடாத பச்சை மண் பொம்மைமேல் காற்றுப் பட்டால் விரலும் காதும்தான் முதலில் வெடிக்கும். அதனால் காயவைக்கிற கொட்டகையில் ஃபேன் போடமாட்டோம். ஈரக் கோணியைக் கட்டி மெதுவாகக் காயவிடுவோம். இங்கே ஏசி பகலெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. இரண்டு கோணியை அலசி, நனைத்து, பீரோவுக்குப் பின்னால் கட்டினேன். ஏசி நிற்காமல் ஓடியது. கோணி காயக் காய நானும் நனைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, ஈரம் எம்பதுக்கு மேல காட்டுது. செவுத்துல தண்ணி எறங்குதா?"

தெரியவில்லை என்று முனகினேன். ஈரமான வீடு குழந்தைக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமை வந்து மகளையும் குழந்தையையும் ஸ்ரீமுஷ்ணத்தில் தன் அம்மா வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். என் மனைவி சுவர் சுவராகத் தடவிப் பார்த்தாள். மகள் குழந்தைத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். கோணி கட்டியதைச் சொன்னால் எனக்குக் கேவலம், சொல்லாவிட்டால் குழந்தை ஸ்ரீமுஷ்ணம் போய்விடும்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வந்ததும் மகளின் துணிப் பையைக் காரில் வைத்தார். பிறகு உள்ளே வந்து, பீரோவை நகர்த்திச் சுவரைப் பார்க்கலாம் என்றார். நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

"மாப்ள, செவுரு நல்லாத்தாங்க இருக்குது. நாந்தான் கோணி கட்டினேன். கொழந்தைக்குக் கால் வெடிக்குதுங்க."

மகள்தான் முதலில் சிரித்தாள். "பொறந்த கொழந்தைக்குத் தோலு உரியும்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்கப்பா. என்ன, காயவெச்சு சூளையில வெக்கப் போறியா?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கோணியை வெளியே போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன். எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. மனைவி கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அறுபத்தாறில் வெகுநேரம் நின்றது.

ஐம்பத்தெட்டு வந்ததும் எழுந்து காருக்குப் போனார். பையை எடுத்துவந்து தொட்டிலடியில் வைத்தார். அப்போதும் நான் குழந்தையின் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.