பியாட்ரிஸ் கேட்டு வாங்கிய சொல்

ஜீவனஹள்ளியில் என் பக்கத்து வீட்டுக்காரி பியாட்ரிஸுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. அவள் சமையலில் குறை சொல்ல ஆள் கிடையாது. எல்லாம் ஓர் ஆங்கிலச் சொல் செய்த வேலை. அதையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள், பாவி.

கணவன் டென்சில் இறந்ததிலிருந்து பதினோரு வருடம், வைட்ஃபீல்டில் வீணா மேடம் வீட்டில் சமைத்தாள். மெட்ரோ வரும் வரை பஸ் மாறிப் பஸ் ஏறிப் போனாள். ஒருநாள் வீணாவுக்கு ஆபீஸில் பிரமோஷன். மேலதிகாரி எழுதிய பாராட்டில் ‘அசர்டிவ்’ என்று இருந்ததாம். அதை நாலு தடவை வாசித்துக் காட்டிக் கேக் வெட்டினார்கள்.

“அப்டின்னா இன்னா மேடம்?”

“மனசுல பட்டத பயப்படாம, மரியாதையா, நேரா சொல்றவங்க.”

பியாட்ரிஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ‘ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிச்சிட்டுதான் வருவேன்’ என்று சேர்ந்த அன்றே சொன்னவள் அவள். அப்படியானால் அந்தச் சொல் அவளுக்கும்தானே!

வீணா வீட்டை விற்றுவிட்டுப் புனேவுக்குக் கிளம்பினாள். அந்தக் குடியிருப்புகளில் வேலைக்கு வருகிறவர்களின் போட்டோவும் அவர்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் எழுதுவதும் கேட் ஆப்பில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள். என்ன எழுதட்டும் என்று வீணா கேட்டதும், இவள் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

வீணா கொஞ்சம் யோசித்தாள். “அது வேணாமே. ஹம்பிள், அடக்கமானவங்கன்னு போடட்டுமா?”

“இல்ல மேடம், அதான் வேணும்.”

ஐந்து நட்சத்திரத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டாள். அர்த்தம் சொல்லத் தெரிந்தவளுக்கு, சமையல்காரிக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

யாரும் கூப்பிடவில்லை. கேட் காவலாளி கோவிந்தப்பாதான் விஷயத்தை உடைத்தார். “எதுத்துப் பேசற பொம்பளன்னு நெனைக்கிறாங்கம்மா.” வீணாவுக்குப் போன் போட்டாள். வீடு கைமாறியதும் ஆப்பிலிருந்து தன்னை எடுத்துவிட்டார்கள், இனி அழிக்க முடியாது என்றாள் வீணா.

போன வாரம் ஒரே ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். வீட்டுக்காரி மமதா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அசர்டிவ்னு போட்டிருக்கே. எங்களுக்குச் சரிப்படாது.”

“அது நான் இல்லீங்க மேடம். யாரோ தப்பா எழுதிட்டாங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“சண்டே காலைல ஆறு மணிக்கு வரணும்.”

“வரேன் மேடம்.”

யோசித்துச் சொல்வதாக மமதா அனுப்பிவிட்டாள்.

நேற்று ஞாயிறு. பியாட்ரிஸைப் பூசையில் காணோம். காய்ச்சலோ என்று பயந்து, முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். குளித்து, புடவை கட்டி, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கூப்ட்டா ஒடனே போணும்ல,” என்றாள்.