சூடேறிய களிக்குள் தண்ணீர்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளனாக வேலை செய்கிறேன். பம்பு திருத்துவது, வயர் இணைப்பது, மானிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எங்கள் குழுவின் தலைவி ஒரு டேனிஷ் பெண், என்னைவிடச் சில வயது இளையவர். அவரைப் போன்ற ஒருவரை நான் அதற்கு முன் எந்த வேலையிடத்திலும் கண்டதில்லை.

அப்போது அவர் ஒரு களிமண் பாளத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நிலத்தின் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த, கல்லைப்போல் இறுகிய களி. நடுவில் மின்சூடாக்கி, சுற்றிவர வெப்பத்தையும் நீரழுத்தத்தையும் அளக்கும் மானிகள். புதைத்த அணுக்கழிவு தலைமுறைக் கணக்கில் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு சுற்றியுள்ள பாறையையும் அதற்குள் இருக்கும் தண்ணீரையும் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. டென்மார்க்கிடம் அப்படிச் சூடான கழிவு அதிகம் இல்லை. இந்த ஆய்வைக் கேட்டு அதற்குப் பணம் தந்தது வேறொரு நாடு.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"நாள் முழுக்க மண்ணைச் சுட வைக்கிறதுக்கோ சம்பளம்?" என்றாள்.

"எங்கட கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதெல்லே? தண்ணி சூடாக, அதில கரைஞ்ச சுண்ணாம்பு பிரிஞ்சு ஒட்டுது. கல்லுக்குள்ளயும் அப்பிடித்தான். சிலது சூட்டுக்குக் கிட்டப் படியும். சிலது சூட்டில கரைஞ்சு, தள்ளிப்போய்க் குளிர்ந்த இடத்தில படியும்."

"அப்ப தண்ணி எங்க போகும்?"

"மெல்ல மெல்ல வெளியால கசிஞ்சு போகும் எண்டுதான் அவ கணக்குப் போட்டு வைச்சிருக்கிறா."

அந்தக் கணக்கால்தான் அவருக்குப் பெயரே வந்தது. பல நாடுகளில் அதைப்பற்றிப் பேசியிருக்கிறார்.

ஒரு குளிர்காலத்தில், பாளத்திலிருந்த ஓர் அழுத்தமானி ஏறத் தொடங்கியது. அவருடைய கணக்குப்படி அது ஓரிடத்தில் நின்று பின் இறங்கவேண்டும். இறங்கவில்லை. பணம் தரும் நாட்டிலிருந்து அடுத்த வாரம் ஆட்கள் வரவிருந்தார்கள். குழுவிலிருந்த ஆய்வாளர் ஒருவர், மானி பழுதாகியிருக்கும், அந்த அளவுகளை விட்டுவிடலாம் என்றார்.

"பழுதோ எண்டு இன்னொண்டு போட்டுப் பாப்பம்," என்றார் தலைவி.

பாளம் சூடாக இருக்கும்போதே நான் மறுபக்கத்தில் கவனமாகத் துளையிட்டுப் புது மானியைப் பொருத்தினேன். அதுவும் ஏறியது. தண்ணீர் சூட்டில் விரிகிறது, களியோ அதை வெளியே விடுவதில்லை. தலைவி திரைக்கு முன்னால் நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"மானி சரி," என்றார். "நான்தான் பிழை." பிறகு என்னைப் பார்த்து, "கோப்பி குடிப்பமா?" என்று கேட்டார்.

வந்தவர்களிடம் நல்ல செய்திகளை முதலில் சொல்லி, இதைக் கடைசியில் மெதுவாகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் இதில்தான் தொடங்கினார். வந்தவர்களில் மூத்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"உங்கட கணக்கை நம்பித்தானே நாங்கள் கழிவு புதைக்கிற சுரங்கத்துக்கு வரைபடம் கீறினது?"

"ஓம். அதைத்தான் மாத்தச் சொல்லுறன். கழிவுப் பெட்டிகளைக் கிட்டக் கிட்ட வைச்சால் சூடு ஒண்டோட ஒண்டு சேரும். போக வழியில்லாத தண்ணி கல்லை வெடிக்கப் பண்ணலாம். வெடிச்சால், கழிவு நிலத்தடி நீருக்குப் போக அதுவே பாதையாகும்."

"அப்ப எவ்வளவு தள்ளி வைக்க வேணும்?"

"இப்ப எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க நேரம் தாங்கோ."

வந்தவர்கள் சாப்பிடப் போய்த் தங்களுக்குள் கதைத்துவிட்டு வந்து, நேரம் தருவதாகச் சொன்னார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கேட்டாள்: "அவவுக்கு வெக்கமா இருக்கேல்லையே?"

"இருந்திருக்கும். முகம் நல்லாச் சிவந்துபோச்சு. ஆனா குரல் நடுங்கேல்லை."

மனைவி, "ஒருநாளைக்கு அவவைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ," என்றாள்.

அதன்பின் களி வெடிக்கும்வரை சூட்டைக் கூட்டினோம். பிறகு ஆறவிட்டு, வெடிப்பு தானே மூடுமா என்று பார்க்க, களியை மறுபடி தண்ணீரில் ஊறவைத்தோம். கடைசியில் பாளத்தை வாளால் அரிந்து திறந்தோம். சூடாக்கியை ஒட்டிய பகுதி வெளிறி, ஓடுபோல் இறுகியிருந்தது. தள்ளியிருந்த களி கருமையாக, ஈரமாக, ஊதிப் பருத்து வெடிப்பை மூடியிருந்தது. ஆய்வாளர் கைதட்டினார். தலைவியோ டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, மூடாமல் எஞ்சியிருந்த மயிரிழைக் கீறலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதையும் படம் எடுங்கோ," என்றார்.

பெட்டிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி அந்த நாட்டுக்காரர் வரைபடத்தைத் திரும்பக் கீறினார்கள். அந்தக் கணக்கை வெளியிட்ட தன்னுடைய பழைய கட்டுரைக்குத் தலைவி தானே ஒரு திருத்தம் எழுதினார். அனுப்பும் முன் என் மேசைக்கு வந்து, இரண்டாவது மானியைப் பொருத்தியது நான் என்பதால் என் பெயரையும் அதில் போடலாமா என்று கேட்டார். ஓம் என்றேன்.