குண்டூசியும் குடை பிடித்த அண்ணியும்

காது டாக்டரின் கிளினிக்கில் கடைசி அறையில் அவளுக்கு வேலை. சுவரெல்லாம் பஞ்சடைத்த சின்னக் கூண்டு ஒன்று அங்கே உண்டு. வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். பலர் கேட்காததற்கும் அமுக்குவார்கள். செவிடு என்று பெயரெடுக்க யாருக்குத்தான் ஆசை? அவள் சிரிக்காமல் ஒன்றுமே அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் இரண்டு தடவை அமுக்குவார்கள்.

வாரம் முழுக்க இப்படி நிசப்தத்துக்குக் காவல் இருந்தவள், லீவு நாட்களில் அதற்கு வட்டியும் முதலுமாகப் பழி தீர்த்தாள். டிரம் அண்ட் பேஸ் இசை என்றால் அவளுக்கு உயிர். மேளம் தலைதெறிக்க ஓடும்; அடியிலிருந்து வரும் கனத்த ஒலி காதுக்கு முன்னால் வயிற்றுக்குப் போய்ச் சேரும். முதலில் ஒரு ஜிம்மில் பாட்டுப் போடத்தான் கூப்பிட்டார்கள். இவள் போட்ட வேகத்துக்கு ஓடப் பார்த்த பெரியவர் ஒருவர், டிரெட்மில்லிலிருந்து எகிறிப் பூந்தொட்டியில் உட்கார்ந்தார். அத்தோடு அந்த வேலை போயிற்று, பேர் மட்டும் பரவிவிட்டது. ஒல்லி உடம்புக்கும் குத்தல் பேச்சுக்கும் சேர்த்து வீட்டில் அண்ணன் வைத்திருந்த குண்டூசி என்ற பட்டத்தையே அவள் மேடைப் பெயராக்கிக்கொண்டாள்.

அப்படித்தான் கடற்கரை இசைவிழாவிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை மதிய நேரம், பெரிய மேடை. சிக்கல் என்னவென்றால் கிளினிக்கில் கூட்டம் அலைமோதுவது சனிக்கிழமைதான். அதைவிடப் பெரிய சிக்கல், அதிக சத்தமாகப் பாட்டுக் கேட்கிறவர்களை டாக்டர் கொலைக்குற்றவாளியைப் போலப் பார்ப்பார். அதனால், அண்ணிக்குத் தலைசுற்றல், கூட இருந்து கவனிக்க வேண்டும் என்று லீவு கேட்டாள். வாயை விட்ட பிறகுதான் உறைத்தது. தலைசுற்றல் என்றால் காதுதானே காரணமாக இருக்கும், உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் ஆர்வத்தோடு நிமிர்ந்தார். அவள் அவசரமாகத் தலைசுற்றலை வயிற்றுக்கு இறக்கினாள். அவருக்கு ஆர்வம் வடிந்தது. தானும் சனிக்கிழமை வரப்போவதில்லை, ஒரு சேவை இருக்கிறது, சின்ன டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி லீவு கொடுத்தார்.

வீட்டில் இதைக் கேட்ட அண்ணி கோபப்படவில்லை.

"எனக்கு என்ன வியாதின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, வியாதி என்னோடதுன்னா கடல் காத்தும் எனக்குத்தான். நானும் வரேன்" என்றாள்.

அண்ணனிடம், துணைக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பையில் முறுக்கும் கையில் பூப்போட்ட பெரிய குடையுமாகக் கிளம்பினாள்.

கடற்கரையில் மணல் சுட்டது. குண்டூசி மேடையில் ஏறினாள். வெயில் நேராகக் கருவிகள் மேல் விழுந்ததால் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றாள். அண்ணி மேடையேறிக் குடையை விரித்துக் கருவிகளுக்கு மேல் பிடித்தாள். திரை தெரிந்தது. இசை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அண்ணியின் குடை தாளத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று நினைத்த கூட்டம் குடைக்கு ஒரு கூச்சல் போட்டது. அண்ணிக்கு முகமெல்லாம் பல்.

சரியாக அந்த நேரத்தில் அண்ணி குனிந்து அவள் காதோடு சொன்னாள்: "அந்த நீலக் கூடாரத்துலேருந்து வர்றது உங்க டாக்டர் மாதிரியே இருக்கே."

டாக்டரேதான். அவர் சொன்ன சேவை இதுதான். விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காதடைப்பான் இலவசமாகக் கொடுக்கக் கூடாரம் போட்டிருந்தார். வாங்குவாரில்லாமல் வெறுத்துப்போய், சத்தத்தை அளக்கும் கருவியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். போன மாதம்தான் அண்ணியின் காதில் அழுக்கெடுத்தவர், முகம் மறந்திருக்காது.

குண்டூசி சட்டென்று மேசைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் மேலே போய் இசையை நிறுத்தியது. அத்தனை கூட்டமும் அமைதியாகி, மேடையில் தனியாக நின்ற அண்ணியைப் பார்த்தது. டாக்டரும் பார்த்தார். அண்ணியின் ஒரு கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து மைக் ஒன்று அவளது இன்னொரு கைக்கு வந்தது. குடை கீழே விழுந்தது.

"என்னடி சொல்றது?" என்று அண்ணி கேட்டது ஒலிபெருக்கியில் கடல் வரைக்கும் கேட்டது.

மேசைக்கடியிலிருந்து அவள் சொல்லச் சொல்ல, அண்ணி தன் பாணியில் எடுத்துவிட்டாள்.

"இதோ பாருங்க பிள்ளைங்களா. இனிமே வரப்போறது சாதாரண அடி இல்ல. நீலக் கூடாரத்துல டாக்டர் காதுக்கு ஒண்ணு தராரு. எல்லாரும் மாட்டிக்கிட்டு வந்தாத்தான் அடுத்தது. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

கூட்டம் அப்படியே திரும்பிக் கூடாரத்துக்கு ஓடியது. நடுவில் அகப்பட்ட டாக்டர், தேர்வடம் இழுக்கிறவர்களுக்கு நடுவில் மாட்டியவர்போல அவர்களோடு பின்னுக்கே போனார். திரும்பி வந்தவர்கள் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். அண்ணி குடையை எடுத்து மறுபடி பிடிக்க, கூடாரத்து வாசலிலிருந்து டாக்டர் பார்க்கப் பார்க்கக் குண்டூசி எழுந்தாள். இசையை மெல்ல மெல்ல ஏற்றி, ஒரு கணம் மூச்சடக்கி நிறுத்தி, அப்புறம் மொத்தமாக இறக்கினாள். மணல் குதித்தது. அதுவரை எந்த மேடையிலும் கிடைக்காத ஒரு நிம்மதி அப்போது அவளுக்குக் கிடைத்தது. பயப்பட இனி ஒன்றுமில்லை, மாட்டிக்கொண்டாயிற்று என்ற நிம்மதி.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் டாக்டர் நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. முதலில் அண்ணியைத்தான் கேட்டார்.

"வயிறு எப்படியிருக்கு?"

"அடிச்ச அடியில எல்லாம் சரியாப்போச்சு டாக்டர்."

அவர் குண்டூசி பக்கம் திரும்பினார். வேலை போயிற்று என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வருஷா வருஷம் வந்து பாதிப் பெட்டிகூடத் தீராமல் திரும்பியதையும், இன்று எல்லாப் பெட்டியும் காலியாகி, கடைசியில் தன் காதிலிருந்ததைக்கூட ஒருத்தி கேட்டு வாங்கிப் போனதையும் சொன்னார்.

"பொய் சொன்னதுக்கு அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமைகூட உங்களுக்கு லீவு கிடையாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். சில வாரம் கழித்து அடுத்த விழாவுக்கான சுவரொட்டி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. குண்டூசி என்று பெரிய எழுத்து. மேலே, பூப்போட்ட குடையோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அண்ணி. காய்கறிக் கடையில் இளவட்டங்கள் அண்ணியை நிறுத்திக் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி யாரையும் திருத்தவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்த குண்டூசி, மூன்றாம் நாள் தானாகவே மனம் மாறினாள். தன்னை யாரும் அடையாளம் காணாத வரைக்கும் தெருவில் நிம்மதியாக நடக்கலாமே.

அண்ணன்தான் பாவம். ஒரு நாள் சாயந்திரம் சுவரொட்டி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். தங்கைக்குத் தான் வைத்த பட்டத்தையும் அதில் பார்த்தார், மேலே சிரித்த முகத்தையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார்.

"இது யாரு, அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கு?"

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகக் குனிந்து பார்த்தாள்.

"என்னை மாதிரியா? இவ கொஞ்சம் குண்டுங்க" என்றாள்.