வெயிலில் சுற்றிய சீர் முறுக்கு

வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை இழையாகத் திரித்து, ஈரத்துணியின் மேல் சுற்றிக்கொண்டே போயின. இடது கை துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருந்தது. ஏழாவது சுற்று முடிந்ததும் நுனியைக் கிள்ளி ஒட்டிவிட்டு, விரல்கள் அடுத்த முறுக்குக்குப் போயின. கதவு சாத்தியிருந்தது. சன்னலில் சாக்கு தொங்கியது. கல்யாணச் சீர் முறுக்கை அயலார் கண் பார்த்தால் எண்ணெய் குடிக்கும், பொரியாது என்பது பலகாரம் செய்கிறவர்களுடைய நம்பிக்கை.

துணி நிறைந்ததும் ஒச்சம்மாள் எழுந்திருக்க இடது கையைத் தரையில் ஊன்றினாள். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது.

“என்னத்தை முறிச்சீக, அத்தை?” என்றாள் அடுப்படியில் இருந்த மருமகள் அன்னக்கிளி.

“கைதாண்டி.”

ஒச்சம்மாளுக்கு அப்போது, 1969இல், ஐம்பத்து நான்கு வயது. காரைக்குடியில் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பலகாரம் செய்து பிழைத்தவள். விடியுமுன் அந்த அறைக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவாள். அன்று அவள் வழுக்கி விழவில்லை. ஊன்றியதற்கே முறிந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அதே அறையில் முறுக்குச் சுற்றிய அவளுடைய அக்கா, போன வருடம் குடத்தோடு சறுக்கி இடுப்பு முறிந்து படுத்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு டாக்டரம்மா கேட்டார்: “தீட்டு நின்னு எத்தனை வருஷமாச்சு?”

“பத்து இருக்கும் தாயி.”

“அது நின்ன பிறகு பொம்பளைங்களுக்கு எலும்பு இளைச்சுக்கிட்டே போகும். உங்களுக்கு வெயிலும் படலை. வெயில் பட்டாத்தான் உடம்புல வைட்டமின் டி உண்டாகும். அது இல்லேன்னா பாலும் கேப்பையும் சாப்பிட்டாக்கூட எலும்புக்குச் சரியாப் போய்ச் சேராது. இப்படியே இருந்தா அடுத்தது இடுப்புதான்.”

மீனெண்ணெய் மாத்திரை கொடுத்தார். சீர்ப் பலகாரம் செய்கிற கை கவிச்சி தொடக்கூடாது. ஒச்சம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மீதி இருந்தது வெயில் ஒன்றுதான்.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. சீர் முறுக்குக்குச் சொல்லியிருந்த கல்யாணசுந்தரி ஆச்சி வீட்டுக் கல்யாணம் நெருங்கிவிட்டது. முறுக்குச் சுற்றுகிற நேரமும் வெயில் காய்கிற நேரமும் ஒன்றே. அவள் துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெயிலில் இழை காய்ந்து விரிசல் விட்டது. பிறகு கிழக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் நிழல் விழுகிற இடத்தில் துணியை விரித்தாள். தோளும் கையும் வெயிலில் கிடந்தன. மாவு ஈரமாகவே இருந்தது.

பார்க்க வந்த ஆச்சி கொல்லைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன ஒச்சு, ஊரைக் கூட்டி வச்சுச் சுத்துறியா? என் மக சீருக்குக் கண்ணு பட்டா?”

“கண்ணு பட்டா மொளகா சுத்திப் போடலாம் ஆச்சி. இடுப்பு ஒடிஞ்சா என்னத்தப் போடுறது?”

“வாய் ஒண்ணுதான் ஒடியலை உனக்கு.”

“அதுக்குத்தான் தெனமும் வெளிக்காத்துப் படுதே.”

அன்னக்கிளி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆச்சி சிரிக்கவில்லை.

“பொரியலேன்னா வாங்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

ஆச்சி வாங்காமல் போனால் மற்ற வீடுகளும் கூப்பிடாது. அது தெரிந்தும் ஒச்சம்மாள் அறைக்குத் திரும்பவில்லை. ஆனால் இடது கை துணியை முன்போல் இழுத்துப் பிடிக்கவில்லை. கடைசிச் சுற்று தளர்ந்த முறுக்குகளை அழித்து மறுபடி சுற்றினாள். மாலையில் மணிக்கட்டு வீங்கியது, முந்தானையால் மூடிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது தரையில் கை ஊன்றப் பயந்து, கிணற்றுச் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

சுடுவது மட்டும் வழக்கம்போல் கதவைச் சாத்தி நடந்தது.

மறுநாள் ஆச்சி வந்து, முறுக்கு ஆறப்போட்டிருந்த செய்தித்தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எண்ணெய் அதிகம் ஊறவில்லை. ஒரு முறுக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொரிஞ்சிருக்கு. ஆனா இது உன் சுத்து இல்லையே ஒச்சு.”

“இனிமே என் சுத்து இதுதான் ஆச்சி.”

ஆச்சி அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். அன்னக்கிளி முறுக்கை டின்னில் அடுக்கி மூடினாள். சீர்ப் பலகாரத்தைச் செய்தவள் கையாலேயே கொடுக்கவேண்டும். ஒச்சம்மாள் வலது கையை டின்னுக்கு அடியில் கொடுத்து, இடது கையைப் பக்கத்தில் அணைத்துத் தூக்கினாள். ஆச்சி ஓரடி முன்னால் வந்து, இரண்டு கையாலும் டின்னை வாங்கிக்கொண்டார்.