ஆறாம் வார்த்தையில் பதினான்கு ழ

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் ஆறாம் வார்த்தை எனக்குத்தான். இதைச் சபையில் யாரும் எழுதி வைத்ததில்லை. ஒன்பது வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது. சிலுவையில் தொங்கியபோது இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவோம். ஏழுக்கும் ஒரே மதிப்புதான் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு தடவை ஏறிப் பேசிப் பார்க்க வேண்டும். முதல் வார்த்தையின்போது பாதிப் பேர் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள். ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. சிவகாசி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, தாகம் என்று சொன்னதுமே பாதிச் சபை தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடும். ஆறாவது, 'முடிந்தது.' அதற்குள் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார்கள். அழவும் தயாராக இருப்பார்கள்.

போன வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்கள் தொடங்கிய வாரம், கோயில் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு ஐந்தாம் வார்த்தை. ஆறாம் வார்த்தைக்கு நேராக என் ஓர்ப்படியின் பெயர் இருந்தது.

ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் அவர்கள். நாரணாபுரத்துப் பெண். அவள் அம்மா அங்கே பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். இவள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் செக்கிங் வேலை பார்க்கிறாள். பட்டாசு லேபிள் அடித்து வரும் ஷீட்டுகளில் கலர் விலகினதை எடுத்து ஒதுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்தாள். ஆறு வருடம் ஆகிறது. நான் தொட்டிலிலிருந்தே இந்தச் சபை.

வந்த மறு வருடமே அவளைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னைக் கண்டால் சட்டையைச் சரிசெய்துகொள்ளும். அவளைக் கண்டால் ஓடிப் போய்த் தொங்கும். நான் ஒரு வாரம் கோயிலுக்கு வராவிட்டால் யாரும் கேட்பதில்லை. அவள் வராவிட்டால் என்னிடமே வந்து, "என்ன, மாடிவீட்டுப் பிள்ளையைக் காணோம்?" என்பார்கள். ஒரு நாள் அவள் கொடுத்தனுப்பிய கத்திரிக்காய்ப் புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "இது எப்படி வச்சாள்னு கேட்டு வையேன்" என்றார். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ழ. விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியை. எங்கள் பக்கத்து வாய்களில் ழ நிற்காது. மழை மளையாகிவிடும், பழம் பளமாகிவிடும். பயிற்சிக் காலத்தில் நாக்கை மடித்து மடித்து நான் சம்பாதித்த எழுத்து அது. பட்டியலைப் பார்த்த அன்று, ஆறாம் வார்த்தையை ழகரம் வராதவளிடம் கொடுத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

போதகரை எங்கள் சபையில் ஐயர் என்போம். ஐயரிடம் நேராகவே போய்க் கேட்டேன்.

"ஒன்பது வருசம் நீங்களே பேசிட்டீங்கம்மா. புது ஆளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போமே. எழுத வராதுன்னு பயப்படுறாங்க. நீங்க எழுதிக் கொடுத்துடுங்க. உங்களை விட்டா யாரு?" என்றார்.

அன்று சாயங்காலமே அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா, எனக்குக் கையி காலெல்லாம் உதறுது. அம்புட்டுப் பேருக்கு முன்னால நான் என்னத்தப் பேச? நீங்க எளுதிக் குடுப்பீகளா? பாத்து அப்படியே வாசிச்சுப்புடுறேன்."

சரி என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. பிறகு இன்று நாளை என்று இழுத்தடித்தேன். பெரிய வெள்ளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது வருடமும் நான் பேசியது ஒன்றுதான். அவர் செத்தார், அதனால் நாம் தப்பினோம். அவர் பிறந்ததே சாவதற்கு என்பது என் எண்ணம். இடையில் இருந்த முப்பத்து மூன்று வருடம், பஸ் வரும்வரை ஸ்டாண்டில் நிற்பது மாதிரி. நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன, பஸ் வந்தால் சரி. அந்தப் பழக்கத்தில்தான் அன்றும் நாலு வரி எழுதினேன். சிலுவை, ரத்தம், பாவம், பலி, மரணம். எழுதிவிட்டு வாய்விட்டு வாசித்தேன். அவள் தட்டுத் தடுமாறாமல் வாசித்துவிடுவாள் என்று தெரிந்தது. ஒன்றில்கூட ழ இல்லை.

தாளைக் கிழித்துப் போட்டேன். மனதில் அப்போது நினைத்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். வரிக்கு வரி ழ வைக்க வேண்டும், அவள் ஏறி நின்று திணற வேண்டும், பின்வரிசையில் யாராவது ஒருத்தர் சிரிக்க வேண்டும். ஒருத்தர் போதும்.

ழகரம் உள்ள சொற்களைத் தேடினேன். சாவில் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் போனேன், கொட்டிக் கிடந்தது. குழந்தை, தொழில், உழைப்பு, ஏழை, அழுகை, கீழ்ப்படிதல். கடைசியில் ஒரு வாக்கியம் அமைந்தது. 'தாழ்ந்த குடியில் குழந்தையாய்ப் பிறந்து, தச்சுத் தொழிலில் உழைத்து, ஏழைகளோடு வாழ்ந்து, அழுதவர்களோடு அழுது, கீழ்ப்படிதலில் வழுவாமல், பழுதற்ற வாழ்வை முழுமையாய் வாழ்ந்து முடித்தார்.' எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. கேள்வித்தாளில் நல்ல கஷ்டமான கேள்வி அமைந்துவிட்டால் எங்கள் வகையறாவுக்கு வரும் திருப்தி வந்தது. அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று நான் வாசிக்கவே இல்லை.

அன்றிரவே அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அளகா இருக்குக்கா" என்றாள். "எம்புட்டுப் பெரிய வார்த்தையெல்லாம் போட்டிருக்கீக! எனக்காக இம்புட்டு மெனக்கெட்டீகளா?"

மறுநாள் காலையிலிருந்து மாடியில் அதே சத்தம். வாள்ந்து, வாள்ந்து, வா... வாள்ந்து. வேலைக்குப் போகும்வரை விட மாட்டாள். நான் கீழே அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்பேன். அந்தப் பதினைந்து நாளும் எனக்குத் தோசை ஒன்றுகூடத் தீயவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. நான் தாகத்தைப் பற்றிப் பேசினேன். நினைத்தபடியே பாதிப் பேர் எழுந்து போனார்கள். பிறகு ஒரு பாட்டு. எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவள் வெள்ளைச் சேலையில் ஏறினாள். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வாசித்தாள். "தாள்ந்த குடியில் கொளந்தையாய்ப் பிறந்து, தச்சுத் தொளிலில் உளைத்து, ஏளைகளோடு வாள்ந்து, அளுதவர்களோடு அளுது..."

பதினான்கும் தப்பு. யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிப்பார்கள்? கேட்டுக்கொண்டிருந்த முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் மளைதான் பெய்கிறது. ழ தப்பியதெல்லாம் என் ஒருத்தியின் காதில் மட்டும்தான் விழுந்திருக்கும். அப்போதுதான், அவள் வாயால் தப்புத் தப்பாகக் கேட்டபோதுதான், நான் எழுதியிருப்பது என்னவென்று எனக்கே புரிந்தது. அதில் ஒரு இடத்திலும் அவர் சாகவில்லை. வாழ்ந்துகொண்டே இருந்தார்.

அவள் தாளை மடித்து வைத்தாள்.

"இந்தப் பேப்பரப் பதினஞ்சு நாளா வாசிச்சேங்க. வாய்க்குள்ள வரல. ஆனா மண்டையில ஏறிருச்சு" என்றாள். "நான் கம்பெனில செக்கிங். கெட்ட ஷீட்ட எடுத்து ஒதுக்கணும். ஒரு ஆர்டர்ல அம்புட்டு ஷீட்டும் கெட்டுப்போச்சுன்னு வைங்க. எல்லாத்தையும் எடுத்து எரிச்சாச்சு. ஒரு கெட்ட ஷீட்டுகூட இல்ல. ஆர்டர் முடிஞ்சிருச்சுன்னு சொல்ல முடியுமா? 'நல்ல ஷீட் எங்கம்மா?'ன்னு முதலாளி கேப்பாருல்ல? நல்ல ஷீட் லாரில லோடு ஏறினாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

பிரஸ்ஸும் லோடும் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

"நம்ம வாள்க்கை கெட்ட ஷீட்டு. அவர் செத்தாரு, அது எரிஞ்சிருச்சு. சரி. நல்ல ஷீட்டுக்கு எங்கன போக? அதத்தான் முப்பத்து மூணு வருசமா அவரு அடிச்சு வச்சிருக்காரு. அம்மா சொல்லுக் கேட்டது ஒரு ஷீட்டு. பட்டறைல ஒளுங்கா வேலை பாத்தது ஒரு ஷீட்டு. திட்டுனவனத் திருப்பி வையாம வந்தது ஒரு ஷீட்டு. அடுத்தவுகளப் பாத்து வயிறெரியாம இருந்தது ஒரு ஷீட்டு. நான் எங்க அக்காவப் பாத்து எம்புட்டோ வயிறெரிஞ்சிருக்கேன். படிச்சவுக, அவுகளுக்கு எல்லா எளுத்தும் வருதேன்னு. எங்கிட்ட அந்த ஷீட்டு இல்ல. அவருகிட்ட இருக்கு. அத எம் பேருல லோடு ஏத்திட்டுத்தான் முடிஞ்சதுன்னாரு. செத்ததுனால மட்டும் முடியல. வாள்ந்ததுனாலயும் முடிஞ்சது. இத நானா யோசிக்கல. எங்க அக்கா எளுதிக் குடுத்தாக."

இறங்கிவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்பது வருடத்தில் கிடைத்த அழுகையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். முதலில் ஆத்திரம். என் தாளில் இருந்ததை எனக்கு முன்னால் அவள் படித்துவிட்டாள். அப்புறம் ஒரு பயம். என் பொறாமையை ஆண்டவர் மன்னிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. வருடா வருடம் அதற்குத்தானே முழங்காலில் நின்றேன்? மன்னித்த பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. ஒன்றும் இருக்காது. பக்கத்தில் ஒருத்தி நன்றாக இருப்பதைப் பார்த்து மனசார மகிழ்ந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் ஆயுளில் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இனிமேல் வந்துவிடும் என்றும் தோன்றவில்லை. அப்படி ஒரு நாளை எனக்காக யாராவது வாழ்ந்து வைத்திருந்தால்தான் உண்டு.

ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வழக்கம்போலக் கஞ்சி ஊற்றினார்கள். அவள் எனக்கும் சேர்த்து வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லாப் பேசினேனா என்று கேட்டாள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். என்னைக் கடந்து போன ஒவ்வொருவரும், "அருமையா எழுதிக் குடுத்திருக்கீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் போனதும் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த ழ எல்லாம் நான் வேணும்னேதான் போட்டேன்" என்றேன்.

"என்னதுக்கா?"

"உனக்கு வராதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். நீ அங்க நின்னு திணறணும்னு."

சிரித்தாள். "சும்மா வெளையாடாதீக."

"விளையாட்டு இல்ல. எண்ணி எண்ணிப் போட்டேன்."

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. டம்ளரைத் தரையில் வைத்தாள். "கம்பெனில நாக்க மடிச்சு மடிச்சுச் சொல்லிப் பாக்கையில கூட வேலை பாக்குற பிள்ளைக எல்லாம் சிரிச்சாளுக" என்றாள். "எங்க அக்கா எனக்காக எளுதுனது, சிரிச்சீகன்னா பாருங்கன்னு சண்டைக்குப் போனேன். ஒருத்திகிட்ட இன்னமும் பேச்சு வார்த்தை இல்ல."

நான் மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஐயரின் மனைவி கஞ்சி வாளியோடு எங்களிடம் வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கிறதைப் பாரு" என்றவர் அவளைப் பார்த்து, "இப்படி எழுதிக் கொடுக்க ஒரு ஓர்ப்படி யாருக்கு வாய்க்கும், சொல்லு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். அந்தம்மாவிடம் ஒரு பேச்சு போனால் பொழுது சாய்வதற்குள் சபை முழுவதும் போய்விடும். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஒன்பது வருடத்துப் பேரும் இந்த ஒரு பதிலில் போகும் என்று எனக்குத் தெரிந்தது. போகட்டும் என்று நினைக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "எங்க அக்காதான் எளுதிக் குடுத்தாக. எனக்காக மெனக்கெட்டு எளுதுனாக."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஐயரின் மனைவி என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, என் டம்ளரில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

கோயிலுக்குள் அதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்து சொன்னாள். அப்போதும் எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்பது தெரிந்து, அதற்கும் சேர்த்து அவள்மேல் வயிறெரிந்தது. நான் செய்யாத நல்லது என் பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.